புகலிடம் என்னும் சொல்

இத்தாலிய மொழியில் மலைக்குடிலை ரிஃபூஜோ என்கிறார்கள். புகலிடம் என்பது அதன் நேர்ப்பொருள். அதே வேரில் கிளைத்த ரிஃபூஜாத்தோ என்ற சொல்லுக்கு அகதி என்று பொருள். டோலோமைட் மலைகளின் ஊடாகக் குடிலிலிருந்து குடிலுக்கு எட்டு நாட்கள் நடப்பதென்று முடிவுசெய்து படுக்கைகளை முன்பதிவு செய்துகொண்டிருந்தபோது, இந்த உறவைச் சுட்டிக்காட்டியவர் எங்களுள் ஒருவரான யாழ்ப்பாண நண்பர். “ஜெர்மனியில புகலிடம் கேட்டு ஆறு வருசம் காத்திருந்தனான். இவங்கள் ஒரு இரவுக்கு இவ்வளவு எண்டு விலையே போட்டு வச்சிருக்கிறாங்கள்” என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் பயணம் முழுவதும் அந்தச் சொல் எங்களுடன் நடந்து வந்தது.

நாங்கள் நால்வரும் மியூனிக்கிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வசிப்பவர்கள். மூவர் தமிழகத்திலிருந்து வேலைக்காக வந்தோம். ஒருவர் போரினால் வந்தார். மாதம் ஒருமுறை கூடி ஏதேனும் ஒரு நூலைப் பற்றிப் பேசும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அந்தப் பேச்சுகளில் ஒன்றுதான் இந்த நடைக்கு வித்திட்டது.

பாதையின் பெயர் அல்தா வீயா உனோ. முதலாம் உயர்பாதை என்று சொல்லலாம். வட இத்தாலியில் ப்ரையஸ் ஏரிக்கரையில் தொடங்கித் தெற்கே பெல்லூனோ நகரை நோக்கிச் செல்லும் இப்பாதை 1960களில் வகுக்கப்பட்டது. சுமார் 120 கிலோமீட்டர். முழுவதும் நடக்கப் பத்து நாட்களேனும் வேண்டும். எங்களுக்கு வாய்த்த விடுப்பில் பெரும்பகுதியை மட்டுமே நடக்க முடிந்தது. பாறைகளில் நீல முக்கோணத்துக்குள் 1 என்ற எண் வரையப்பட்டிருக்கும். அதைப் பின்தொடர்ந்து நாளொன்றுக்கு ஐந்து முதல் ஏழு மணிநேரம் நடந்தால் மாலையில் ஒரு குடில் வரும். கூடாரமோ அரிசியோ சுமக்கவேண்டியதில்லை.

குடில்களின் நியமங்கள் எங்கும் ஒன்றுபோலவே இருந்தன. சேறு படிந்த காலணிகளை வாசலில் உள்ள அடுக்கில் விட்டுவிட வேண்டும். கம்பளி தருவார்கள், ஆனால் அதற்குள் விரித்துக்கொள்ள மெல்லிய துணிப்பை நம்முடையதாக இருக்கவேண்டும். வெந்நீருக்குத் தனிக்காசு. இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பு. பார்லி சூப்போ, ரொட்டித்துண்டுகளைப் பிசைந்து உருட்டி வேகவைத்த உருண்டைகளோ இரவுணவாகக் கிடைக்கும். நீளமான மேசையில் முன்பின் அறியாதவர்களோடு தோளுரசி உட்கார்ந்து உண்ணவேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் குறட்டைகளுக்கு நடுவே உறங்கவேண்டும். சத்திரங்களைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

*

ப்ரையஸ் ஏரி இன்று புகைப்படங்களுக்குப் பெயர்போன இடம். மரப்படகுகளில் ஏறிப் படமெடுத்துக்கொள்வதற்காகக் காலையிலிருந்தே வரிசை நிற்கிறது. கரையில் ஒரு பழைய பெரிய விடுதி இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர், டாஹாவ் வதைமுகாமிலிருந்து 130க்கும் மேற்பட்ட முக்கியக் கைதிகளைப் பணயமாக இப்பகுதிக்குக் கொண்டுவந்தனர். முன்னாள் பிரெஞ்சுப் பிரதமர் லியோன் ப்ளும், முன்னாள் ஆஸ்திரிய அதிபர் கூர்ட் ஷுஷ்னிக், பாதிரியார் மார்ட்டின் நீமொல்லர் ஆகியோர் அவர்களுள் சிலர். ஜெர்மானியத் தரைப்படை அதிகாரி ஒருவரின் தலையீட்டால் அவர்கள் காவலர்களிடமிருந்து மீட்கப்பட்டு, 1945 ஏப்ரல் 30 அன்று இந்த விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். அதே நாளில்தான் பெர்லினில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார். பாதையின் முதல் அடியை எடுத்துவைக்கும் முன்பே ஒரு புகலிடத்தைக் கடந்துவிட்டோம்.

ஏரியின் தென்கரையிலிருந்து பாதை செங்குத்தாக எழுகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் ஏறி, ஸோரா ஃபோர்னோ என்ற மலைவாயிலை அடைந்ததும் மரங்களற்ற வெண்சாம்பல் நிறப் பாறைவெளி விரிந்தது. எங்கள் மேற்குத்தொடர்ச்சி மலைகளின் ஈரமும் பசுமையும் பழகிய கண்களுக்கு இது மலையின் எலும்பைப் பார்ப்பதுபோல இருந்தது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வெதுவெதுப்பான ஒரு கடலின் அடியில் வளர்ந்த திட்டுகள் இவை. 1791இல் பிரெஞ்சுப் புவியியலாளர் தியோதா த தொலொமியே இந்தக் கல் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வேறானது என்று எழுதினார். மறு ஆண்டு கல்லுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. பிறகு 1864இல் இரண்டு ஆங்கிலேயர்கள் எழுதிய பயணநூல் ஒன்றின் தலைப்பின் வழியாகக் கல்லின் பெயரே மலைகளுக்கும் பரவியது. இங்கே ஆயிரமாண்டுகளாக ஆடுமாடு மேய்த்தவர்களைக் கேட்டு வைத்த பெயரன்று அது.

அந்த மேய்ப்பர்களின் மொழி லடின். லத்தீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் பேத்திகளுள் ஒருத்தி என்று கொள்ளலாம். ரோமானியர் கொண்டுவந்த பேச்சுலத்தீன் இந்தப் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கித் தனியே முதிர்ந்து உருவான மொழி. இன்று சுமார் 30,000 பேர் இதைப் பேசுகிறார்கள். ஐந்து பள்ளத்தாக்குகள், ஐந்து வழக்குகள். 1990களில் அனைவருக்கும் பொதுவான எழுத்துவடிவம் ஒன்றை உருவாக்கும் முயற்சி நடந்தது. ஆனால் பள்ளத்தாக்குகள் தத்தம் வழக்கையே இன்றும் பெரிதும் எழுதுகின்றன. பதியா பள்ளத்தாக்கில் நன்றிக்கு “ஜுலான்” என்கிறார்கள். ஒரு மலையைத் தாண்டி கர்தெய்னாவுக்குப் போனால் “தெ க்ரா”.

இரண்டாம் நாள் மதியம் ஒரு குடிலில் சூப் பரிமாறிய பெண்ணிடம் நாங்கள் ஜுலான் என்றோம். அவர் நின்று திரும்பிப் பார்த்தார். தன்னிடம் வருவோர் ஜெர்மன் பேசுவார்கள், இத்தாலியம் பேசுவார்கள், இப்போது ஆங்கிலம் பேசுகிறார்கள். லடினில் நன்றி சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார். தன் பிள்ளைகள் பள்ளியில் பாதிப் பாடங்களை ஜெர்மனிலும் பாதியை இத்தாலியத்திலும் படிக்கிறார்கள். லடினுக்கு வாரத்தில் சில மணிநேரம்தான் என்றார். பிறகு எங்கள் மொழியை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேட்டார். ஏழெட்டுக் கோடி என்றோம். அவர் எங்களை ஒரு செல்வந்தர் கூட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மியூனிக்கில் வளரும் எங்கள் பிள்ளைகள் தமக்குள் ஜெர்மனில் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

*

குடில்களுக்கு மூன்று மொழிகளில் மூன்று சொற்கள் உண்டு. ஜெர்மனில் ஹ்யூட்டே, இத்தாலியத்தில் ரிஃபூஜோ, லடினில் உச்சா. வழிகாட்டிப் பலகைகளில் பலசமயம் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. இந்த அடுக்கு வெறும் மரியாதையால் வந்ததன்று என்பதை அறிய இந்த மலைகளின் கடந்த நூற்றாண்டைக் கொஞ்சம் தோண்டவேண்டும்.

1918 வரை, நாங்கள் நடந்த பாதையின் வடபாதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது, தென்பாதி இத்தாலியில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையேற்றச் சங்கங்கள் தோன்றின. 1863இல் இத்தாலியச் சங்கம். 1873இல் ஜெர்மானிய, ஆஸ்திரியச் சங்கங்களின் இணைப்பு. அவை பாதை வெட்டின, குடில் கட்டின. மழையில் நனைந்தவனுக்குக் கூரை தருவதுதான் முதல் நோக்கம். ஆயினும் எங்கே எந்தச் சங்கம் குடில் கட்டுகிறதோ அந்த மலை அந்த மொழிக்காரர்களுடையது என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. முதல் உலகப்போருக்குப் பின் தெற்குத் திரோல் இத்தாலிக்குக் கைமாறியபோது, ஜெர்மானிய-ஆஸ்திரியச் சங்கத்தின் குடில்கள் பறிமுதலாகி இத்தாலியச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. சுவர்கள் அப்படியே இருக்க, பெயர்ப்பலகைகள் மாறின.

பெயர்மாற்றத்துக்கு ஒரு முழுநேர ஆசாரியரும் இருந்தார். எத்தோரே தொலொமேய் என்பவர் 1916இலேயே அப்பகுதியின் ஆயிரக்கணக்கான ஊர்ப்பெயர்களுக்கும் மலைப்பெயர்களுக்கும் இத்தாலிய வடிவங்கள் அமைத்துப் பட்டியல் வெளியிட்டார். ஃபாசிச ஆட்சி அதைச் சட்டமாக்கியது. லடின் பள்ளத்தாக்குகள் ஒரே நிர்வாகத்தில் இருந்தால் ஒரே மக்களாக இருந்துவிடுவார்கள் என்பதனாலோ என்னவோ, 1920களில் அவை மூன்று மாகாணங்களுக்குள் பங்கிடப்பட்டன. 1939இல் ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஜெர்மன் பேசுவோரும் லடின் பேசுவோருள் பலரும் அவ்வாண்டின் இறுதிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியதாயிற்று: ஜெர்மானிய ஆட்சிப்பகுதிக்குக் குடிபெயர்வது, அல்லது இங்கேயே இருந்து இத்தாலியராகிவிடுவது. சுமார் 75,000 பேர் வெளியேறினார்கள். குடும்பங்கள் உணவு மேசையிலேயே பிளந்தன.

2007 அக்டோபரில் கொர்த்தீனா உள்ளிட்ட மூன்று லடின் ஊராட்சிகள், பிற லடின் பள்ளத்தாக்குகள் இருக்கும் பொல்ட்ஸானோ மாகாணத்தோடு தம்மைச் சேர்க்கவேண்டும் என்று பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையாக வாக்களித்தன. ஆனால் மாகாண எல்லை நகரவில்லை.

*

ஃபானெஸ் மேட்டுநிலத்தை இரண்டாம் நாள் மாலை அடைந்தோம். நீரோடைகள் கிளைபிரிந்து ஓடும் புல்வெளியில் மாடுகளின் கழுத்துமணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. பாறை இடுக்குகளிலிருந்து மர்மோட் எனப்படும் கொழுத்த மலை அணில்கள் சீழ்க்கையடித்தன. லடின் மக்களின் பெருங்கதை இந்த மர்மோட்களோடு பின்னிக் கிடக்கிறது. ஃபானெஸ் அரசகுலம் மர்மோட்களோடு இரகசிய உடன்படிக்கை கொண்டிருந்தது. அந்நிய நாட்டிலிருந்து வந்து அரசியை மணந்த மன்னனுக்கு அந்த எளிய உறவு பிடிக்கவில்லை. அவனுக்குப் போரும் பொன்னும் வேண்டியிருந்தன. அவன் மகள் டோலசில்லா வெள்ளிக் கவசமும் குறிதவறாத அம்புகளும் கொண்டு அவனுக்காகப் போரிட்டாள். ஒரு புதையலுக்காக மன்னன் தன் மக்களையே பகைவரிடம் விற்றான். டோலசில்லா களத்தில் வீழ்ந்தாள். மன்னன் ஃபால்த்சாரேகோ கணவாய்க்கருகே பாறையாகிப்போனான். அந்தக் கணவாயின் பெயருக்கே பொய்யரசன் என்று பொருள்சொல்வார்கள். எஞ்சிய மக்கள் மர்மோட்களோடு மலையின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டார்கள். வெள்ளி எக்காளங்கள் ஒலிக்கும் நாளில் திரும்பி வருவார்களாம். அதற்காக அரசி முழுநிலவு இரவொன்றில் ப்ரையஸ் ஏரியில் படகில் காத்திருப்பாளாம்.

இக்கதைகளை முதலில் பெருந்தொகுப்பாக வெளியிட்டவர் கார்ல் ஃபெலிக்ஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன்மொழி எழுத்தாளர். ஆண்டு 1913. அவர் கேட்டது எவ்வளவு, தாமே சேர்த்தது எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாய்மொழியாக இருந்ததை இன்னொரு மொழிக்காரர் எழுதிவைத்ததால் பிழைத்த கதை. அதே காரணத்தால் ஐயத்துக்குரியதான கதை. எப்படியாயினும், தோற்ற மக்கள் மலைக்குள் ஒளிந்து காத்திருக்கிறார்கள் என்ற கற்பனை வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், இந்த மலைகளுக்குள் மனிதர்கள் உண்மையிலேயே வளைதோண்டிப் புகுந்தார்கள்.

*

1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரிய-ஹங்கேரியின்மீது போர் தொடுத்தது. லடின் பள்ளத்தாக்குகளின் வாலிபர்கள் பேரரசின் படைகளில் சேர்க்கப்பட்டு, 1914 முதலே ருஷ்யர்களுக்கெதிராகத் தொலைதூர கலீசியாவில் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரைக் காக்க எஞ்சியிருந்தவர்கள் முதியவர்களும் சிறுவர்களுமே. போர்முனை அவர்களுடைய மேய்ச்சல் நிலங்களின் குறுக்காக விழுந்தது. அது 1917 இலையுதிர்காலம்வரை பெரிதும் நகரவில்லை.

மூன்றாம் நாள் நாங்கள் ஏறிய லாகத்சுவோய் அந்தப் போர்முனையின் கண்ணி. குடில் 2,752 மீட்டர் உயரத்தில், கொடுமுடியை ஒட்டி அமைந்திருக்கிறது. கண்ணெட்டும் தூரமெல்லாம் மலைகள். அந்தியில் பாறைகள் ரோஜா நிறமாகி, பிறகு ஊதாவாகி அணைந்தன. இந்த நிறமாற்றத்துக்கு என்ரொசதீரா என்று லடினில் தனிச்சொல் இருக்கிறது. தெற்கே மர்மொலாதாவின் பனியாறு தெரிந்தது. போரின்போது ஆஸ்திரியர்கள் அந்தப் பனிக்குள் சுமார் 12 கிலோமீட்டர் சுரங்கவழிகள் வெட்டிக் குடியிருந்தார்கள். 1916 டிசம்பர் 13 அன்று அதே மலையில் ஒரு பனிச்சரிவு அவர்களுடைய முகாமொன்றை மூடியது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2022 ஜூலை 3 அன்று பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து விழுந்ததில் மலையேறிகள் 11 பேர் இறந்தார்கள். பனி உருக உருகப் போர்க்காலப் பொருட்களும் எலும்புகளும் வெளிவந்துகொண்டிருக்கின்றன.

லாகத்சுவோயின் உச்சியில் ஆஸ்திரியர்கள்; 1915 அக்டோபரில் இரவோடிரவாக ஏறிவந்து, செங்குத்துப் பாறையின் இடைவிளிம்பொன்றைப் பற்றிக்கொண்ட இத்தாலியர்கள் கீழே. மேலிருந்து உருட்டிவிட்ட கல்லும் குண்டும் அவர்களை அசைக்கவில்லை. ஆகவே இருதரப்பும் மலையைக் குடையத் தொடங்கின. பாறைக்குள் சுரங்கம் வெட்டிச்சென்று எதிரியின் அடியில் வெடிமருந்தை அடைத்து மலையையே தகர்ப்பது. ஆஸ்திரியர்கள் 1916க்கும் 1917க்கும் இடையில் நான்கு முறை வெடித்தார்கள். இத்தாலியர்கள் 1917 ஜூன் 20 அன்று சுமார் 33 டன் வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். மலையின் தோற்றமே மாறியது. போர்முனை மாறவில்லை. அவ்வாண்டு இறுதியில் வெகுதொலைவில் கபொரெத்தோவில் இத்தாலியர்கள் தோற்க, இங்கிருந்தவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறங்கிப்போனார்கள்.

அந்த இத்தாலியச் சுரங்கத்தின் வழியாகத்தான் நான்காம் நாள் காலையில் நாங்கள் கணவாய்க்கு இறங்கினோம். தலைக்கவசமும் நெற்றிவிளக்கும் கட்டாயம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இருட்டு. வழுக்கும் படிகள், கையால் பற்றிக்கொள்ள இரும்புவடம். இடையிடையே பக்கவாட்டில் சிறு அறைகள். துப்பாக்கித் துளைகளின் வழியே வரும் வெளிச்சத்தில் உறங்குபலகைகளும் அடுப்பும் தெரிந்தன. விளக்கப்பலகைகள் மூன்று நான்கு மொழிகளில். இவ்வகைப் போரில் வீரர்கள் எதை அஞ்சினார்கள் என்பதை நாங்கள் முன்பே படித்திருந்தோம். எதிரி பாறையைத் துளைக்கும் சத்தம் கேட்கும்வரை அச்சமில்லை. சத்தம் நின்றால், அவன் துளைத்து முடித்துவிட்டான், மருந்தை அடைக்கிறான் என்று பொருள். அருகிலுள்ள கொல் தி லானா மலையில் 1916 ஏப்ரல் 17 இரவு நிகழ்ந்தது அதுதான். அந்தச் சிகரத்தில் இன்றும் பெரும்பள்ளம் இருக்கிறது.

யாழ்ப்பாண நண்பர் ஓர் அறைக்குள் குனிந்து நுழைந்து சற்றுநேரம் வெளியே வரவில்லை. நாங்கள் எட்டிப் பார்த்தபோது சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். “எங்கட வளவுக்குள்ள வெட்டின பங்கர் இதைவிடச் சின்னன். மேல பனங்குத்தி அடுக்கி, மண் மூட்டை போட்டது. அம்மம்மா உள்ளுக்கு வரமாட்டன் எண்டு அடம்பிடிப்பா. மழைக்குத் தண்ணி நிண்டிடும், தவளை கிடக்கும்” என்றார். பிறகு, “உது இப்ப இருக்காது. வளவே இல்லை” என்றார்.

வெளியே வெயிலில் வந்து உட்கார்ந்தபோது அவரே தொடர்ந்தார். பதுங்குகுழியைச் செப்பனிட்டு, விளக்குப் போட்டு, நான்கு மொழியில் பலகை வைத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவதற்கு ஒரு நாட்டுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டார். இங்கே எண்பது வருடம் ஆகியிருக்கிறது. இந்தச் சுரங்கங்கள் சீரமைக்கப்பட்டது 1990களில். முன்னாள் எதிரிகளின் வழித்தோன்றல்களும் அவ்வேலையில் கைகொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முதல் நிபந்தனை ஒன்று இருக்கிறது என்றார் அவர். இரு பக்கத்தாரும் இறந்தவர்களுக்காக அழ அனுமதி வேண்டும். கணவாயில் பேருந்துகள் வந்து நின்றுகொண்டிருந்தன. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

*

அடுத்த ஒன்றரை நாள் நடையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 2,575 மீட்டரில் பருந்துக்கூடுபோல் அமர்ந்திருக்கும் நுவோலாவ் குடில் 1883இல் கட்டப்பட்டது. மலைக்காற்றில் நோய் தீர்ந்த சாக்சனி நாட்டுப் படையதிகாரி ஒருவர் நன்றிக்கடனாகப் பொருள் கொடுத்தார். சாக்சனியின் நன்றி என்பதே அதன் முதற்பெயர். போரில் தகர்ந்து 1930இல் மீண்டும் எழுந்தது. ஜாவ் கணவாயைத் தாண்டியதும், புல்வெளியின் குறுக்கே ஒரு பழைய கற்சுவரின் எச்சம் வந்தது. மேய்ச்சல் நிலத்துக்காகத் தலைமுறைகளாகச் சண்டையிட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே 1753இல் எழுப்பப்பட்ட சுவர் அது. ஓர் ஊர் ஹாப்ஸ்பர்க் பேரரசுக்கும் மற்றது வெனிஸ் குடியரசுக்கும் உட்பட்டிருந்ததால் மேய்ச்சல் தகராறு இரு நாடுகளின் எல்லையாகிவிட்டது. இப்போது இருபுறமும் ஒரே மந்தை மேய்கிறது.

சுவரிலிருந்து வெகுதொலைவில்லாத மொந்தெவால் மேட்டில் ஒரு பெரும்பாறையின் அடியில் 1987இல் ஏறத்தாழ 7,500 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டுவன் ஒருவனின் கல்லறையை அகழ்ந்தெடுத்தார்கள். நாற்பது வயதளவில் இறந்தவன். கூடவே தீக்கற் கத்திகள், எலும்புக் கருவிகள், பிசின் உருண்டைகள். அந்தப் பாறையின் சாய்வில் மழைக்கு ஒதுங்கி நாங்கள் மதிய ரொட்டியை உண்டோம். இப்பாதையின் மிகப் பழைய புகலிடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

*

ஐந்தாம் நாள் மாலை பெல்மோ மலையின் வடமுகத்துக்கு நேரெதிரே, 1,918 மீட்டரில் இருக்கும் குடிலை அடைந்தோம். அதன் பெயர் சித்தா தி ஃபியூமே. ஃபியூமே நகரம் என்று பொருள். கடலை ஒட்டிய ஒரு துறைமுகத்தின் பெயர், கடல் கண்ணுக்கே தெரியாத இந்த மலைக்கு எப்படி வந்தது?

ஃபியூமே இன்று குரோவாசியாவிலிருக்கும் ரியெக்கா. இரு பெயருக்கும் அவ்வம் மொழிகளில் ஆறு என்பதே பொருள். 1918 வரை அது ஹங்கேரியின் துறைமுகம். அந்நகரின் மலையேற்றச் சங்கம் 1885இல் தோன்றியது. போருக்குப் பின் கவிஞர் தன்னூன்ஸியோ 1919இல் சொந்தப் படையோடு நுழைந்து நகரைக் கைப்பற்றினார். 1924இல் அது இத்தாலியின் உடைமையாயிற்று. 1945இல் யூகோஸ்லாவியப் படைகள் வந்தன; 1947 பாரிஸ் உடன்படிக்கை நகரை யூகோஸ்லாவியாவுக்கு அளித்தது. நகரின் இத்தாலியர்களுள் மிகப் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். இத்தாலியெங்கும் அகதிகளாகச் சிதறிய அவர்களுள் சிலர் 1949இல் தம் மலையேற்றச் சங்கத்தை மீண்டும் கூட்டினார்கள். ஊரில்லாத ஊர்ச்சங்கம். அவர்கள் 1964இல் இங்கிருந்த ஒரு மேய்ச்சற்கொட்டிலைக் குடிலாக்கி, இழந்த நகரின் பெயரைச் சூட்டினார்கள். அகதிகள் கட்டிய புகலிடம்.

சுவர்ப்படங்களின் அருகே நின்று இதையெல்லாம் கூட்டிக்கோத்துக்கொண்டிருந்த எங்களுள் ஒருவர், இது எவ்வளவு உயர்வான செயல் என்று நெகிழ்ந்து பேசினார். யாழ்ப்பாண நண்பர் மறுக்கவில்லை. ஆனால் அவர் வேறொன்றையும் சொன்னார். இத்தாலியின் கையில் அந்த வட்டாரம் இருந்த ஆண்டுகளில் குரோவாசிய, ஸ்லோவேனியப் பள்ளிகள் மூடப்பட்டன. மக்களின் குடும்பப்பெயர்கள் இத்தாலியமாக்கப்பட்டன. அந்தக் கணக்கையும் சேர்த்து எழுதினால்தான் இந்தக் குடிலின் கதை முழுமையாகும் என்றார்.

பிறகு தயங்கித் தயங்கிப் பேசினார். 1995 அக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிக்கொண்டிருக்க, லட்சக்கணக்கானவர்களோடு அவருடைய குடும்பமும் வலிகாமத்தைவிட்டு மழையில் நடந்தது. அந்த இரவைப் பற்றி அவர் முன்பே எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லாதது இன்னொரு அக்டோபர் 30. 1990இல், சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன், யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். “சோனகதெருவில எங்கட அப்பாவுக்குத் தெரிஞ்ச தையல்காரர் ஒருத்தர் இருந்தவர். என்ர முதல் பள்ளிக்கூட உடுப்பு அவர் தைச்சதுதான். அண்டைக்கு எங்கட வீட்டில ஒருத்தரும் பெருசா ஒண்டும் கதைக்கேல்லை. அஞ்சு வருசம் கழிச்சு நாங்கள் நடக்கேக்கை அப்பா சொன்னார், அந்தத் தையல்காரர் என்னத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாரோ எண்டு.”

இரவுணவு வந்தது. பீட்ரூட் நிரப்பிக் கசகசா தூவிய அரைவட்டக் கொழுக்கட்டைகள் போன்ற பண்டம். எங்கள் மேசையில் ஓர் ஆஸ்திரியத் தம்பதியும் ஒரு செக் மாணவியும் இருந்தார்கள். நூற்றாண்டுக்கு முன் இவர்களின் மூதாதையர் ஒரே பேரரசின் சீருடையில் இந்த மலைகளில் நின்றிருக்கக்கூடும். குடிலில் யாரும் யாரையும் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டு இடம் கொடுக்கவில்லை. முன்பதிவு இருந்தால் படுக்கை, பசித்தால் சூப்.

சாப்பிட்டபின் நண்பர் கேட்ட கேள்வி எங்களை இன்னும் விடவில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் அவருடைய ஊருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் மண்டபம் எடுத்துக் கூடுகிறார்கள். ஊர்க்கோயிலுக்கும் பள்ளிக்கும் பணம் சேர்க்கிறார்கள். அது நல்ல காரியம். “ஆனா அது எங்களுக்கு மட்டும்தானே” என்றார். “இவங்கள் தங்கட ஊரின்ர பேரில ஒரு வீடு கட்டிக் கதவைத் திறந்து வச்சிட்டாங்கள். ஆரும் வரலாம். அந்த ஊரில இப்ப இருக்கிறவனும் வரலாம். எங்கட ஊர்ப்பேரில நாங்கள் அப்பிடி ஒண்டைக் கட்டுவமா? கட்டினா அந்தத் தையல்காரற்ர பிள்ளையளுக்கும் அதில ஒரு கட்டில் இருக்குமா?”

*

மீதி மூன்று நாட்கள் சிவெத்தா மலையின் அடியில் கழிந்தன. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு நிமிரும் அதன் வடமேற்குச் சுவரை 1925இல் ஸோலெடரும் லெத்தன்பவரும் ஏறியது மலையேற்ற வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. அதைப் பற்றி எழுத எங்களைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எட்டாம் நாள் காட்டுவழியே அகோர்தோ பள்ளத்தாக்குக்கு இறங்கிப் பெல்லூனோ செல்லும் பேருந்தைப் பிடித்தோம்.

ஒவ்வொரு குடிலிலும் அதன் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்று மேசையில் கிடக்கும். நடப்பவர்கள் அதைத் தம் குறிப்பேட்டில் பதித்துக்கொள்வார்கள். பேருந்தில் நண்பரின் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினோம். ஏழு முத்திரைகள். ஃபியூமே முத்திரையின் கீழே மட்டும் அவர் தம் கையால் தமிழில் ஓர் ஊர்ப்பெயர் எழுதியிருந்தார். அது அவருடைய ஊராக இருக்குமென்று எண்ணிப் படித்தோம். சோனகதெரு என்று இருந்தது.